டிரெஸ்டன்: பழைய ஊரா, புது ஊரா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பனங்காடை (இழையைத் தொடங்கியவர்)

அக்டோபரில் நானும் மனைவியும் பிராக் போயிருந்தோம். இரண்டரை மணி நேரம்தானே என்று ஒரு நாள் காலையில் ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டனுக்கு ரயில் ஏறினோம். வழி அருமை. எல்பே ஆறு வலப்பக்கம் கூடவே வருகிறது, அக்கரையில் மணற்பாறைகள் கோபுரம் கோபுரமாக நிற்கின்றன. இனிமேல் போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நகரத்தைப் பற்றித்தான் எனக்குக் குழப்பம். ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் வருவது பிராகர் தெரு. பெட்டி பெட்டியாகக் கட்டடங்கள், துணிக்கடைகள். எந்த ஊராக வேண்டுமானாலும் இருக்கலாம். கொஞ்ச தூரம் நடந்ததும் திடுதிப்பென்று 18ஆம் நூற்றாண்டு வந்துவிடுகிறது. நொய்மார்க்ட் சதுக்கத்தில் ஃபிரௌவன்கிர்ஹே தேவாலயம், அதைச் சுற்றி இளமஞ்சள், ரோஸ், பிஸ்தா நிற வீடுகள். ஒரு சுவரில்கூடக் காரை பெயரவில்லை. “சினிமா செட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கு” என்றாள் மனைவி. எனக்கும் அதேதான் தோன்றியது.

தேவாலயச் சுவரில் மட்டும் வெளிர்மஞ்சள் கல்லுக்கு நடுவே அங்கங்கே கன்னங்கரேலென்று சில கற்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து எரிந்த கரி என்று நினைத்து அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. “கரியே இல்லையே, பெயின்ட் அடிச்சு வச்சிருக்காங்களோ?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

போய் வந்தவர்களுக்கு இந்த ஊர் எப்படி இருந்தது? எனக்கு மட்டும்தான் இப்படி ஒரு நெருடலா?

ரயில்பித்தன்

ஒரு நாள் போதாது தலைவரே. நான் இரண்டு ராத்திரி தங்கினேன். ஒரு குறிப்பு: அரண்மனையில் இருக்கும் ‘பச்சைப் பெட்டகம்’ நகைக் காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஸ்விங்கர் ஓவியக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. இது தெரியாமல் செவ்வாய்க்கிழமை போய் அரண்மனை வாசலில் நின்றுவிட்டு வந்தேன். பெட்டகத்தின் பழைய பகுதிக்குள் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் டிக்கெட், போட்டோ எடுக்க விடமாட்டார்கள். 2019இல் அங்கே நடந்த திருட்டுக்குப் பிறகு காவல் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. போன நகைகளில் பெரும்பகுதி 2022 கடைசியில் திரும்பக் கிடைத்துவிட்டது.

செட் மாதிரி இருந்தது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாயங்காலம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் போய் நின்று பாருங்கள். அப்போது ‘செட்’ என்ற சொல்லே வாயில் வராது.

உண்மைவிளம்பி

செட் மாதிரி இல்லை, செட்டேதான். நொய்மார்க்ட் வீடுகளில் பெரும்பாலானவை முன்பக்கம் மட்டும்தான் பழைய பாணி. பின்னால் கான்கிரீட், உள்ளே ஹோட்டல், தரைக்கு அடியில் கார் பார்க்கிங். ஒரு லட்சம், இரண்டு லட்சம் பேர் எரிந்து செத்த இடத்தில் கேக் மாதிரி ஒரு சதுக்கம் கட்டி காபி விற்கிறார்கள். பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் தேவாலயத்தின் உடைந்த கோபுரத்தை அப்படியே விட்டு வைத்தார்கள். அது நேர்மை. இங்கே நடந்தது மேக்கப்.

சுவடி

முதலில் எண்ணிக்கை. ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்பது தவறு. நகர நிர்வாகம் அமைத்த வரலாற்றாளர் குழு பல ஆண்டுகள் ஆவணங்களை அலசி 2010இல் அறிக்கை கொடுத்தது. இறந்தவர்கள் அதிகபட்சம் 25,000 பேர் என்பது அதன் முடிவு. இரண்டு லட்சம் என்ற கணக்கு வந்த வழி கேவலமானது. 20,204 என்று இருந்த உடல்களின் எண்ணிக்கைக்குப் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து 2,02,040 ஆக்கினார்கள். நாஜிப் பிரசாரத்துக்கு அது வசதியாக இருந்தது. இன்றைக்கும் அந்தப் பூஜ்யத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் யார் என்று பார்த்தால் உங்களுக்கே புரியும்.

25,000 என்பது சின்ன எண்ணிக்கை என்று சொல்லவில்லை. 1945 பிப்ரவரி 13 ராத்திரி தொடங்கி 15 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. புதைக்க ஆளும் இடமும் இல்லாமல் அல்ட்மார்க்ட் சதுக்கத்தில் அடுக்கி எரித்த உடல்கள் மட்டும் 6,865. அந்தச் சதுக்கத்தின் தரையில் இதைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும் இடமும் அதுவே. சந்தையின் வயது 1434இலிருந்து கணக்கு. மக்கள் அந்த எழுத்தின்மேல்தான் மசாலா ஒயின் குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பனங்காடை, நீங்கள் அதைப் பார்த்தீர்களா?

இன்னொன்றும் உண்டு. விக்டர் கிளெம்பெரர் என்ற யூதப் பேராசிரியர், மனைவி யூதர் அல்லாதவர் என்பதால் அதுவரை உயிர் தப்பியிருந்தார். பிப்ரவரி 13 பகலில், மிச்சமிருந்த யூதர்களை வெளியேற்றும் உத்தரவை வீடு வீடாகக் கொடுக்கும் வேலையை அவரிடமே கொடுத்தார்கள். அன்று ராத்திரி குண்டு விழுந்தது. அந்தக் களேபரத்தில் யூதர் என்று காட்டுவதற்காகச் சட்டையில் கட்டாயமாக அணிய வைத்திருந்த மஞ்சள் நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டுத் தப்பினார். நகரத்தை எரித்த அதே ராத்திரிதான் அவரைக் காப்பாற்றியது. ‘பாவம் டிரெஸ்டன்’ என்று ஒரே வரியில் முடிக்க என்னால் முடியாதது இதனால்தான்.

உண்மைவிளம்பி

எண்ணிக்கை விஷயத்தில் திருத்திக்கொள்கிறேன், நன்றி. எங்கேயோ படித்தது மண்டையில் தங்கிவிட்டது. மேக்கப் என்று சொன்னதை மட்டும் திரும்பப் பெறமாட்டேன்.

கொத்தனார்

பெயருக்குத்தான் கொத்தனார், தொழில் கட்டுமானப் பொறியியல். கருப்புக் கல் விஷயத்துக்கு நான் வருகிறேன்.

பனங்காடை, உங்கள் வீட்டம்மா தேய்த்துப் பார்த்தது சரியான பரிசோதனை. அது பெயின்ட் இல்லை. கரி என்று சொல்வதும் முக்கால்வாசி தப்பு. எல்பே மணற்கல் வெட்டியெடுக்கும்போது வெளிர்மஞ்சளாக இருக்கும். அதிலுள்ள இரும்பும் வெளிக்காற்றும் சேர்ந்து பல பத்தாண்டுகளில் தானாகவே கருத்துவிடும். குண்டுவீச்சுக்கு முன்னால் எடுத்த படங்களிலும் தேவாலயம் இருண்டுதான் இருக்கிறது. அதாவது கருப்பு என்றால் எரிந்த கல் என்று அர்த்தமில்லை, பழைய கல் என்றுதான் அர்த்தம். இன்றைக்கு வெளுப்பாக இருக்கும் புதுக் கல்லும் மெல்ல மெல்லக் கருக்கும். நம் பேரப்பிள்ளைகள் போகும்போது எது பழசு, எது புதுசு என்று சுலபத்தில் சொல்ல முடியாது.

இந்தத் தேவாலயம் 1726 முதல் 1743 வரை கட்டப்பட்டது. கட்டியவர் கியோர்க் பேர், அடிப்படையில் தச்சர். முடிவதற்குள் 1738இல் இறந்துவிட்டார். அதன் குவிமாடம் முழுக்கக் கல். சுமார் 12,000 டன் எடை, அதை ஏந்தி உள்ளே எட்டுத் தூண்கள். 1760இல் பிரஷ்யப் பீரங்கிகள் சுட்டும் அது அசையவில்லை. 1945இல் குண்டு விழுந்த ராத்திரியும் விழவில்லை! இரண்டு ராத்திரி, ஒரு பகல் நின்றது. உள்ளே எரிந்த நெருப்பில் தூண்கள் வெந்து வலுவிழந்து, 15ஆம் தேதி காலை பத்து மணிவாக்கில் மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. தப்பித்தது என்று மக்கள் மூச்சு விட்டிருப்பார்கள், அப்புறம்தான் சரிந்தது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கும்.

திரும்பக் கட்டிய கதைதான் எங்கள் தொழிலில் பேசப்படுவது. 1993இல் கற்குவியலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். புல்டோசரால் அள்ளவில்லை. ஒவ்வொரு கல்லையும் எடுத்து, அளந்து, படம் பிடித்து, எண் போட்டு, அது குவியலில் எங்கே கிடந்தது என்று குறித்துக்கொண்டு மரச்சட்டங்களில் அடுக்கினார்கள். விழுந்த இடத்தை வைத்து, மேலே அது இருந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். அப்படி முகப்பில் பழைய இடத்திலேயே திரும்ப உட்கார்ந்த கற்கள் சுமார் 3,800. சிதறிக் கிடக்கும் கருப்புப் புள்ளிகள் அவை. ஓரிடத்தில் புள்ளியாக இல்லாமல் சுவரே மொத்தமாகக் கருப்பாக இருக்கும். அது விழாமல் நின்ற வடமேற்கு மூலை. அதைப் பார்த்தீர்களா?

1994இல் தொடங்கி 2005 அக்டோபர் 30இல் திறந்தார்கள். செலவு சுமார் 18 கோடி யூரோ. பாதிக்கு மேல் நன்கொடை. உண்மைவிளம்பி ஐயா, மேக்கப் போடுகிறவர் தழும்பை மறைப்பார். இங்கே தழும்பைத் தேடிப் பிடித்து, அதே இடத்தில் வைத்து, ஊருக்கே தெரிகிற மாதிரி காட்டியிருக்கிறார்கள்.

உண்மைவிளம்பி

தேவாலயத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். பிஸ்தா கலர் ஹோட்டலுக்குப் பொருந்துமா?

கொத்தனார்

பொருந்தாது. அந்த ஹோட்டல்களைக் காப்பாற்ற எனக்கு ஆசையும் இல்லை. :)

நல்லூரான்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஜெர்மனிக்கு வந்து நாற்பது வருஷத்துக்குக் கிட்ட. 80களில் எங்கட ஆட்கள் கனபேர் வந்த வழியால்தான் நானும் வந்தேன். கிழக்கு பெர்லினில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் ரயிலில் வந்து சேருவது. பிறகு மேற்கே ஒரு தொழிற்சாலை ஊரில் வேலை கிடைத்து, அங்கேயே இருந்துவிட்டேன்.

டிரெஸ்டனை நான் முதலில் பார்த்தது 1992இல். வேலைத்தலத்தில் ஒரு ஜெர்மன்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் பிறந்த ஊர் அது. பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஊரைப் பார்க்கப் போகும்போது என்னையும் காரில் கூட்டிப் போனார். அப்போது நொய்மார்க்ட் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. வெட்டவெளி. நடுவில் ஒரு கல் மலை, அதன்மேல் புல்லும் செடியும். இரண்டு பக்கம் ஒடிந்த சுவர் நின்றது. முன்னால் மார்ட்டின் லூதர் சிலை. கிழக்கு ஜெர்மன் அரசு அந்தக் குவியலைப் போர் நினைவிடம் என்று சொல்லி அப்படியே விட்டிருந்தது. கட்டக் காசும் இல்லை என்று அவர் சொன்னார். 1982இலிருந்து ஒவ்வொரு பிப்ரவரி 13இலும் இளைஞர்கள் அதற்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி நின்றார்கள், அரசுக்கு அது பிடிக்கவில்லை என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மனிதர் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதைக் கட்டக்கூடாது” என்றார். அதுதான் அவர் கருத்து. கட்டினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடும் என்றார்.

அதே மனிதர் இரண்டு, மூன்று வருஷம் கழித்து ஒரு கைக்கடிகாரத்தோடு வேலைக்கு வந்தார். தேவாலயத்துக்குக் காசு சேர்க்க விற்றது, முகப்பில் பழைய கல்லின் துண்டு ஒன்று பதித்திருக்கும். “கட்டக்கூடாது என்றீரே” என்று கேட்டேன். “கட்டத் தொடங்கிவிட்டார்கள், இனி பாதியில் நின்றால்தான் அசிங்கம்” என்று சிரித்தார்.

யாழ்ப்பாண நூலகத்துக்கும் இதே வாக்குவாதம் நடந்தது. 1981இல் எரித்தது. எரிந்த கட்டடத்தை அப்படியே சாட்சியாக விட வேண்டும், பூசி மெழுகினால் எரித்தவனுக்கே லாபம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நான் அப்போது அவர்கள் பக்கம். இப்போது உள்ளே பிள்ளைகள் இருந்து படிக்கிற படத்தைப் பார்க்கும்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வருவதில்லை. உண்மைவிளம்பி தம்பி சொல்வது எனக்கு விளங்கும், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பனங்காடை

நல்லூரான் அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

சுவடி, அல்ட்மார்க்டில் அந்தப் பொறிப்பை நாங்கள் பார்க்கவே இல்லை. அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறோம். கொத்தனார், கருப்பு மூலையைப் பார்த்தேன், ஆனால் கழுவாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தேவாலயத்துக்குள் வளைந்து நெளிந்த ஒரு பழைய சிலுவை நிற்கிறதே, அது என்ன கதை?

கொத்தனார்

அது குவிமாடத்தின் உச்சியில் இருந்த பழைய சிலுவை. குவியலைப் பிரிக்கும்போது 1993இல் கிடைத்தது. இப்போது உச்சியில் இருக்கும் புதுச் சிலுவை பிரிட்டனில் நன்கொடை சேர்த்துச் செய்து கொடுத்தது. அதைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித்தின் அப்பா, டிரெஸ்டன்மேல் குண்டு போட்ட விமானிகளில் ஒருவர்.

ரயில்பித்தன்

இதைப் படிக்காமலே போய் வந்திருக்கிறேனே! ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு அந்தச் சிலுவைக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன்.

மஞ்சள்குடை

இரண்டு வருஷமாக டிரெஸ்டனில்தான் படிக்கிறேன். இழையில் எல்லோரும் நொய்மார்க்டையே சுற்றிக்கொண்டிருப்பதால் எழுதத் தோன்றியது.

உண்மைவிளம்பி கேட்கும் நேர்மை இந்த ஊரில் இருக்கிறது, ஆனால் பயணிகள் நிற்காத இடங்களில். ஒன்று, அல்ட்மார்க்டை ஒட்டிய குரோய்ட்ஸ்கிர்ஹே. வெளியே சாதாரணத் தேவாலயம். உள்ளே போனால் அலங்காரமே இல்லை. சொரசொரவென்று சாம்பல் நிறப் பூச்சு, அவ்வளவுதான். போருக்குப் பிறகு பழைய அலங்காரங்களைத் திரும்பச் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். சிறுவர் பாடகர் குழு அதற்குள் பாடும்போது ஒரு தடவை கேளுங்கள். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை, எனக்கே சிலிர்த்தது.

இன்னொன்று, யூதர்களின் தொழுகைக்கூடம். பழையது, இந்த ஊரின் ஓபரா அரங்கைக் கட்டிய அதே செம்பர் என்ற கட்டடக்கலைஞர் 1840இல் கட்டியது. அதை எரித்தது குண்டு இல்லை, 1938 நவம்பர் 9இல் உள்ளூர் நாஜிகள். சரியாக 63 வருஷம் கழித்து 2001 நவம்பர் 9இல் புதியதைத் திறந்தார்கள். பழைய வடிவத்தில் கட்டவில்லை. ஜன்னல் தெரியாத ஒரு பெரிய கல் கனசதுரம். ஒவ்வொரு வரிசைக் கல்லும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, மேலே போகும்போது கிழக்கைப் பார்க்கும். முதல் தடவை பார்த்தபோது கட்டடம் கோணலாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஃபிரௌவன்கிர்ஹேயிலிருந்து பத்து நிமிடம்தான் இருக்கும். ஒரே ஊரில் ஒரு கூட்டம் ‘இருந்தபடியே வேண்டும்’ என்றது, இன்னொரு கூட்டம் ‘அப்படித் திரும்ப வராது’ என்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

பிப்ரவரி 13 சாயங்காலம் இங்கே மனிதச் சங்கிலி நடக்கும். அந்த நாளைத் தங்கள் ஊர்வலத்துக்குப் பயன்படுத்த நவநாஜிகள் முயன்றுகொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்கு எதிராக 2010இலிருந்து பழைய நகரைச் சுற்றிக் கைகோத்து நிற்கிறார்கள். போன வருஷம் நானும் நின்றேன். சரியான குளிர். எனக்கு இடப்பக்கம் நின்ற பாட்டி கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் என் கையைப் பிடித்தார். ராத்திரி 9:45க்கு, அன்றைக்கு விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஒலித்த நேரம், ஊரிலுள்ள எல்லா மணிகளும் அடித்தன. யாரும் பேசவில்லை. டிராம்கூட நின்றிருந்த மாதிரி ஞாபகம்.

பிராகர் தெருவைத் திட்டியவர்களுக்கு: அதுவும் இந்த ஊரின் வரலாறுதான். கிழக்கு ஜெர்மனி 60, 70களில் தன் கனவு நகரத்தை அங்கேதான் கட்டிப் பார்த்தது. என் பக்கத்துவீட்டு அம்மாவுக்கு நொய்மார்க்ட் அந்நியம், பிராகர் தெருதான் சொந்தம். சின்ன வயதில் அங்கே நீரூற்றில் விளையாடினாராம்.

பனங்காடை

மஞ்சள்குடை, கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ஊர் எப்படி? வலதுசாரி ஊர்வலங்கள் பற்றிப் படித்து வீட்டில் பயந்தார்கள்.

மஞ்சள்குடை

மூடி மறைக்க விரும்பவில்லை. 2014இல் திங்கள்கிழமை ஊர்வலங்கள் தொடங்கியதே இந்த ஊரில்தான். இரண்டு வருஷத்தில் ஒரு தடவை டிராமில் ஒருத்தர் ஏதோ முணுமுணுத்தார், எதிரே இருந்த அம்மா அவரை ஒரு பிடி பிடித்தார். மற்றபடி பகலில் சுற்றுகிற பயணிக்குப் பிரச்சினை வந்து நான் பார்த்ததில்லை. ஆற்றுக்கு அக்கரை வெளி நொய்ஷ்டாட் பகுதியில் தங்குங்கள். அங்கே குண்டு அவ்வளவாக விழவில்லை, வீடுகள் நிஜமாகவே பழசு, சுவரெல்லாம் கிறுக்கல், காரை பெயர்ந்திருக்கும். உங்கள் மனைவிக்குத் திருப்தியாக இருக்கும். :) சைவச் சாப்பாடும் தாராளமாகக் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வழிகாட்டிப் புத்தகங்களை நம்பி கரோலா பாலத்துக்குப் போகாதீர்கள். 2024 செப்டம்பரில் விடியற்காலையில் அதன் ஒரு பகுதி தானாகவே ஆற்றில் விழுந்துவிட்டது. ஆள் சேதம் இல்லை, கடைசி டிராம் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அது 1971 கான்கிரீட் பாலம். அரண்மனையை ஒட்டிய அகஸ்டஸ் பாலம் வழியாக நடந்து போங்கள்.

கொத்தனார்

கம்பி அரிப்பு. அதைப் பற்றி ஆரம்பித்தால் இழை திசைமாறிவிடும், தனியாக எழுதுகிறேன்.

போகிறவர்கள் அரண்மனைக்குப் பின்சுவரில் இருக்கும் ‘அரசர் ஊர்வலம்’ ஓடு ஓவியத்தை விட்டுவிடாதீர்கள். 102 மீட்டர் நீளம், மைசன் பீங்கான் ஓடுகள் 23,000க்கும் மேல். அந்தத் தெருவே எரிந்தபோதும் இது பெரும்பாலும் தப்பிவிட்டது. ஏற்கெனவே அதைவிடப் பெரிய சூட்டில் சூளையில் வெந்து வந்ததுதானே. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ‘இது பழசா, புதுசா’ என்று பெரிய சந்தேகமில்லாமல் தொடக்கூடிய சுவர் அது.

உண்மைவிளம்பி

அடுத்த வருஷம் பெர்லின் போகிறேன். அங்கிருந்து இரண்டு மணி நேரம்தானாம். அந்தக் கோணல் கட்டடத்தையும் குரோய்ட்ஸ்கிர்ஹேயையும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். நொய்மார்க்டில் காபி மட்டும் குடிக்கமாட்டேன்.

ரயில்பித்தன்

குடித்துவிட்டு வந்து எழுதுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம்.

பனங்காடை

நல்லூரான் அண்ணா, அந்தக் கடிகாரக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்? 2005 திறப்புக்குப் போனாரா?

நல்லூரான்

போனார். உள்ளே இடம் கிடைக்கவில்லை, வெளியில் சதுக்கத்தில் சனத்தோடு சனமாக நின்று பார்த்தாராம். வந்து ஒரு கிழமைக்கு அதையேதான் கதைத்தார். குவிமாடத்துக்குள் படிக்குப் பதிலாகச் சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவுப் பாதை இருக்கிறது, 67 மீட்டரில் நின்று பார்க்கலாம், நீயும் போ என்று கரைச்சல் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் 2011இல்தான் போனேன்.

ஆள் இப்போது இல்லை. கடிகாரம் என்னிடம் இருக்கிறது. அவருடைய மனைவி தந்தது.

பனங்காடை

முடிந்தால் அதன் படம் ஒன்று போடுங்கள் அண்ணா. கல் என்ன நிறம்?

நல்லூரான்

குருணி அரிசி அளவுதான் தம்பி, என் போனில் வடிவாக விழுகுதில்லை. மகள் ஞாயிறு வருவாள், அவளிடம் நல்ல கமரா இருக்கிறது. நிறம் கருப்பு இல்லை, மண்ணிறம்.